மரகதம் அறுத்த சங்குகள்

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய எங்கள் புரோத்ராபூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை இரண்டு தடவை பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குப் பள்ளத்துப் பக்கம் இருக்கிற வங்காளி வீடு ஒன்றிலிருந்து முதல் சங்கு கேட்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மேட்டிலிருந்து ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. பாக்கு மரங்களுக்கு நடுவே அந்தச் சத்தங்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகும். பாதித் தூக்கத்தில் கேட்டால், நாம் ஏதோ கப்பலில் படுத்திருக்கிறோம், கரை பக்கத்தில் வந்துவிட்டது என்று தோன்றும். எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆன இந்த உமா மகேஸ்வரிக்கு வேறென்ன தோன்றும்?

அந்தச் சங்குகளில் பாதிக்கு மேல் மரகதம் அறுத்தவை. மரகதம் என் பக்கத்து வீட்டுக்காரி. எங்களுக்கு நடுவில் ஒரு செம்பருத்தி வேலி, அவ்வளவுதான். வயது நாற்பத்தொன்பது. கடலிலிருந்து வருகிற சங்கு ஊதுகிற சங்காக மாறுவதற்கு என்னென்ன வேலை உண்டோ, அத்தனையையும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தனியாகச் செய்கிறவள்.

ஆனால் அந்த ஐந்து மணிச் சங்குகளை அவள் கேட்கமாட்டாள். முதல் சங்கு எழும்புகிற நேரத்துக்குச் சரியாகச் சாணை மோட்டாரைப் போட்டுவிடுவாள். கடைசிச் சங்கு அடங்கிய பிறகுதான் அணைப்பாள். கரண்ட் போன நாட்களில் தகர வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துத் தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவாள். இருபது வருஷமாக இப்படித்தான். தான் செய்த பொருளின் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்த கைவேலைக்காரி வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்று மெதுவாகச் சொல்கிறேன். குற்றம் என்று சொல்வதுதான் சரி.

மரகதத்தின் அப்பா தூத்துக்குடியில் ஒரு சங்கு குடோனில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்துக் கடலில் மூழ்கி எடுக்கிற சங்கு, வங்காளத்துப் பெண்களின் கையில் வளையலாகவும், அவர்கள் பூஜை அறையில் ஊதுகிற சங்காகவும் போய்ச் சேர்வது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. எடுக்கிறவர்கள் ஒரு கரை, வாங்குகிறவர்கள் வேறு கரை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. எங்கள் தீவில்தான் அந்த இரண்டு கரை ஜனங்களும் ஒரே தெருவில் குடியேறி ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கண் சொருகும். அலுப்பினால் இல்லை. கொட்டகைக்குள் எப்போதும் மெல்லிய வெள்ளைத் தூசி மிதந்துகொண்டிருக்கும். தகரத்தின் ஓட்டை வழியாக விழுகிற வெயில் அந்தத் தூசியில் கம்பி கம்பியாக நிற்கும். மூட்டையிலிருந்து எடுக்கும்போது சங்கு அழுக்குப் பழுப்புத் தோலோடு, நாற்றத்தோடு இருக்கும். அதை ஊறப்போட்டு, தோலைச் சுரண்டி, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்து, உரசி உரசிப் பால் நிறம் வந்த பிறகு கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நகத்தால் ஒரு தட்டு. காதைப் பக்கத்தில் கொண்டுபோவாள். பிறகு முனையில் பென்சிலால் ஒரு கோடு.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. முனையை அறுக்கிறபோது ஒரு நூல் குறைந்தால் சங்கு மூச்சு விடாது. ஒரு நூல் கூடினால் குரல் உடைந்துவிடும். அப்புறம் அதை ஒட்டவைக்க முடியாது, ஷோகேஸில் வைக்கலாம். "உள்ள எத்தன சுத்துன்னு நகம் சொல்லிரும்க்கா" என்பாள். தலையில் கட்டின துணி, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையாக, எங்கேயோ மாவு மழையில் நனைந்து வந்தவள் மாதிரி நிற்பாள்.

அவள் இந்தத் தீவுக்கு வந்தது கல்யாணம் ஆகித்தான். அவள் புருஷன் சிவப்பிரகாசம் லாரி டிரைவர். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்து நிகோபார் பக்கம் இருக்கிற கட்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலையில் குடியமர்ந்த குடும்பம். சிவப்பிரகாசம் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்கென்று தூத்துக்குடி போனவர், தன் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு கப்பலேறினார். நல்ல மனுஷன். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அவருடைய அப்பா ஐயாவுப் பெரியவருக்கு நெஞ்சுச் சளி. போர்ட் பிளேரில் வைத்தியம் பார்க்கலாம் என்று மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்.

2004 டிசம்பர் முதல் வாரம் அது. மகள் சும்மா இருக்கவேண்டாம் என்று மரகதத்தின் அப்பா அனுப்பிய முதல் சங்கு மூட்டை கப்பலில் வந்து இறங்கியிருந்தது. மூன்று வயதுக் கார்த்திகாவை மடியில் போட்டுக்கொண்டே மரகதம் ஒரு சங்கை அறுத்து முடித்தாள். குடோனில் வளர்ந்தவளுக்கு, அறுத்ததும் ஊதிப் பார்ப்பது, இட்லி வெந்ததா என்று விரல் வைத்துப் பார்க்கிற மாதிரி. அங்கே காலையிலிருந்து யாராவது ஊதிக்கொண்டேதான் இருப்பார்களாம். சங்குச் சத்தம் கேட்டால் சரக்கு தேறியது என்று கணக்கு. அவளும் ஊதினாள். காலை பத்து மணி.

எங்கள் வரிசையில் அப்போது பதினோரு தமிழ் வீடுகள். மதுரைப் பக்கத்து ஜனம், ராமநாதபுரத்து ஜனம். கோயில் சங்கு கோயிலில் கேட்கும், வங்காளிகளின் சங்கு சாயங்காலத்தில் கேட்கும். இரண்டுமில்லாமல் ஒரு தமிழ் வீட்டுக்குள்ளிருந்து சங்கு கேட்டால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதுவும் ஒரு வாரமாக இருமலில் சுருண்டு கிடந்த பெரியவர் இருக்கிற வீடு.

முதலில் கேட்டது நான்தான். வேலியோரம் நின்று, "ஐயாவுப் பெரியவர் போயிட்டாரு" என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னதும் நான்தான். அரை மணி நேரத்தில் வரிசையே திரண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் மூங்கிலுக்குச் சொல்லப் போய்விட்டார். நான் கடைத்தெருவுக்கு ஓடி மாலை வாங்கிவந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுகையைத் தயார் பண்ணிக்கொண்டு வாசலில் நுழைந்தேன். பெரியவர் கட்டிலில் சம்மணம் போட்டு ரஸ்க்கை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, மாலையெல்லாம்? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

சிவப்பிரகாசம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவருக்கு விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். மரகதம் மட்டும் அடுப்படியில் போய் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு வாரம் எங்கள் வரிசைக்கு அதைவிட்டால் வேறு பேச்சில்லை.

அந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் சிவப்பிரகாசம் கட்சாலுக்குப் போனார். தம்பி குழந்தைக்குக் காது குத்து. அவருக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்ததுகூட நான்தான். மூன்று நாளில் திரும்புவதாகச் சொன்னார். திரும்புகிற கப்பல் தள்ளிப்போய்விட்டது. தள்ளிப்போனால் என்ன, இங்கே எல்லாக் கப்பலும் தள்ளித்தான் போகும். இருபத்தாறாம் தேதி காலையில் அவர் கட்சாலில் இருந்தார். அன்றைக்குக் கடல் செய்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்கு அது எழுத வராது.

அவர் கிடைக்கவே இல்லை. தம்பி குடும்பமும்தான். மரகதம் ஒரு மாதம் தினமும் கப்பல் துறையில் போய் நின்றாள். நிகோபாரிலிருந்து ஆட்களை ஏற்றிவருகிற ஒவ்வொரு கப்பலுக்கும், இறங்குகிற ஒவ்வொரு முகத்துக்கும் நின்றாள். குளிப்பாட்ட உடம்பில்லை, தூக்க ஆளில்லை, பால் ஊற்ற இடமில்லை. பதினோரு வீட்டில் யாரும் அவருக்காகச் சங்கு ஊதவில்லை. எந்த நாளில் ஊதுவது?

ஜனவரி கடைசியில் ஒரு காலை, குழாயடியில் வரிசையில் நின்றபோது யாரோ அதையே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு சங்குகூட இல்லை என்று. நான் சொன்னேன்: "அவருக்கு எதுக்குச் சங்கு? அதான் பொண்டாட்டி முன்கூட்டியே ஊதிட்டாளே."

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அந்த நாட்களில் எல்லோருக்கும் பயம், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதுவும் உண்மை. அந்த ஒரு வரி பதினோரு வீட்டுக்கும் நடந்தே போனது. மரகதத்தின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவள் காதுக்குப் போகவில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அந்தச் சங்கு மூட்டை கட்டினது கட்டினபடி கிடந்தது. அதைப் பிரிக்கவைத்தது ஷிப்ரா தீதி. ஷிப்ரா மண்டல் பள்ளத்துப் பக்கத்து வங்காளி, தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. சந்தையில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறாள். கல்கத்தாவிலிருந்து வந்த சங்குகளில் பாதி கப்பலிலேயே முனை உடைந்துவிட, சங்கு அறுக்கத் தெரிந்தவள் ஒருத்தி இங்கேயே இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு மரகதத்தைத் தேடி வந்தாள். மரகதம் எழுந்திருக்கக்கூட இல்லை. அறுத்துத் தருவேன், ஊதமாட்டேன், என் வீட்டில் யாரும் ஊதக்கூடாது என்றாள். ஷிப்ரா ஏன் என்று கேட்கவில்லை.

"அச்சா. நீ காட்டோ, நான் ஊதும். பஸ்" என்றாள். வெட்டுவது நீ, ஊதுவது நான், அவ்வளவுதான் என்று பொருள். இருபது வருஷமாகியும் அவள் தமிழ் அதைவிட நிமிரவில்லை.

அப்படியே நடந்தது. மரகதம் அறுத்ததைப் பையில் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவாள். ஷிப்ரா தன் வீட்டில் வைத்து ஊதிப் பார்த்து மறுநாள் வந்து குரலைச் சொல்லுவாள். இது எருமை மாதிரி, இது புதுப் பொண்ணு மாதிரி, இதற்கு ஜலதோஷம். மரகதம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு அடுத்த சங்கின் கோட்டை எங்கே போடுவது என்று யோசிப்பாள். காதில் விழாத குரலைக் கையால் தேடித் தேடித் தொழிலைக் கற்றுக்கொண்டாள். சில வருஷத்தில் மாயாபந்தர், டிக்லிபூர் வரைக்கும் வங்காளிக் கல்யாணம் என்றால் அவள் சங்கு கேட்டு ஆள் வந்தது. ஐயாவுப் பெரியவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு 2011-ல் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

மழை பெய்கிற விடியற்காலைகளில் மரகதத்துக்கு ஒரே கனவு வரும். எனக்கு ஒருமுறை சொன்னாள். கப்பல் ஒன்று துறையை ஒட்டி வருமாம். மேல்தட்டில் சிவப்பிரகாசம் நிற்பாராம். "வாய் அசையுதுக்கா. என்னமோ கூப்பிடுதாரு. சத்தம் மட்டும் வரல. கப்பல் நிக்காம அப்படியே போயிருது." சொல்லிவிட்டு உரசிக்கொண்டிருந்த சங்கை மறுபடி உரச ஆரம்பித்தாள். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கார்த்திகா வளர்ந்தாள், நர்சிங் படித்தாள், வேலைக்குப் போனாள். ஷிப்ராவின் மகன் கோகுல் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறான். சங்குப் பையைச் சுமந்துகொண்டு இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. தாய்மார்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஷிப்ரா முறைப்படி கேட்க வந்தாள்: தாம்பாளத்தில் இனிப்பு, சேலை, நெற்றியில் குங்குமம் வைத்த பெரிய மீன். நானும் கூட இருந்தேன்.

எல்லாம் பேசி முடிந்தது. காலையில் முருகன் கோயிலில் தாலி, சாயங்காலம் பெண் அவர்கள் வீட்டுக்குள் நுழைவது. நுழையும்போது வாசலில் பெண்கள் சங்கு ஊதுவது அவர்கள் வழக்கம். மூன்று தடவை. ஷிப்ரா மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கையால ஒண்ணு, சப்ஸே அச்சா வாலா" என்றாள், இருப்பதிலேயே நல்லதாக.

மரகதம் கையை உருவிக்கொண்டாள். "அது மட்டும் வேணாம் தீதி" என்றாள். "வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க. அந்தச் சத்தம் என் புள்ள தலைக்கு மேல வேணாம்."

ஷிப்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. அவள் ஹிந்தியில் பேசியதன் சாரம் இது: இருபது வருஷமாக உன் சங்கை நான் என் உதட்டில் வைத்து ஊதுகிறேன். எத்தனை பெண்களை அதை ஊதி வீட்டுக்குள் அழைத்திருக்கிறேன். அத்தனையும் சாவுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டா செய்து கொடுத்தாய்? சங்கு ஊதாமல் மருமகளை உள்ளே கூப்பிட நான் என்ன திருட்டுத்தனமாகவா பெண் கொண்டுபோகிறேன்? தாம்பாளத்தை வைத்தது வைத்தபடி எழுந்து போய்விட்டாள்.

மூன்று வாரம் ஷிப்ரா இந்தப் பக்கம் வரவில்லை. மரகதம் சங்கு கொடுக்கப் போகவில்லை. கோகுல் கப்பலோடு கேம்பல் பே போய்விட்டான். கார்த்திகா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் வந்துதான் சொன்னாள்: "பெரியம்மா, ரெண்டு அம்மாவும் பேசாத வீட்டுக்குள்ள நான் எப்படிப் போறது? நான் வேணாம்னு சொல்லிடப் போறேன்." அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் விழுகிற மழையில் கொட்டகை முழுக்க ஒரே இரைச்சல். நான் குடையை மடக்கி உள்ளே போய் அவள் எதிரே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும்.

"மரகதம், சிவப்பிரகாசம் போனப்ப குழாயடியில ஒரு பேச்சு வந்துச்சு. நீ முன்கூட்டியே ஊதிட்டேன்னு. அதைச் சொன்னது நான்தான்."

அவள் கையிலிருந்த உப்புத்தாளை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா" என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. குடத்த எடுத்துட்டு ஒங்களுக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க திரும்பிப் பாக்கல. நான் தண்ணி பிடிக்காம வீட்டுக்கு வந்துட்டேன்."

இருபது வருஷம். இருபது பொங்கல், இருபது தீபாவளி, எனக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி. வேலிக்கு மேல் தினமும் கை நீட்டி வாங்கிய கறிவேப்பிலை. "அப்புறம் ஏண்டி என்கூடப் பேசின?" என்று கேட்டேன்.

அப்போதுதான் உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னத நான் அதுக்கு முந்தியே நெனச்சுட்டேன்க்கா. கப்பல் துறையில நிக்கும்போதெல்லாம் அதான் நெனப்பு. என் வாயில வரல, ஒங்க வாயில வந்துட்டு. ஒங்கமேல எப்படிக் கோவப்படுதது?"

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். மழை கொஞ்சம் குறைந்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பேச்சுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, கடல் வந்ததுக்கும் நீ ஊதினதுக்கும் என்ன சம்பந்தம், கட்சாலில் போன அத்தனை பேருக்குமா நீ ஊதினாய் என்று என்னென்னவோ சொன்னேன்.

"அது புத்திக்குத் தெரியுது" என்றாள். "காதுக்குத் தெரியல."

மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு சங்கை எடுத்தாள். தோல்கூடச் சுரண்டாதது. நகத்தால் தட்டிக் காதில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஊதறதா இருந்தா அக்கா, நீங்கதான் ஊதணும். சொன்ன வாயே ஊதட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அறுபத்திரண்டு வயதுக்காரி, முன்பக்கத்தில் இரண்டு பல் கிடையாது, பலூன்கூட ஊதத் தெரியாதவள். அதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. எழுந்து வந்து தன் கட்டைவிரலை என் உதட்டின் மேல் வைத்து, அகலத்தை அளந்து பார்த்தாள். அவள் விரல் முழுக்க வெள்ளைத் தூசி. மூச்சை இழுத்து விடச் சொல்லி, உள்ளங்கையை என் வாய்க்கு எதிரே வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே நான் ஷிப்ரா வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், குழாயடி முதற்கொண்டு. எனக்குத் தெரிந்த ஹிந்தியில் வெட்கத்தைச் சொல்லுவது கஷ்டமாக இருந்தது. ஷிப்ரா நெற்றியில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இருபது வருஷம் அவள் ஏன் ஊதவில்லை என்று ஒரு நாளும் கேட்காமல் விட்டது தன் தப்பு என்றாள். அன்று சாயங்காலமே மரகதத்தின் வீட்டுக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து எனக்குப் பாடம். "உதடு டைட், கன்னம் டீலா" என்று ஷிப்ரா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தளர்த்துவாள். முதல் பத்து நாள் வெறும் காற்றுத்தான், கிளம்பாத ஸ்கூட்டர் மாதிரி. பதினோராம் நாள் ஏதோ ஒன்று வந்தது. ஷிப்ரா வீட்டு வாத்துகள் கலைந்து ஓடின. "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று முத்துகிருஷ்ணன் கேட்டார். தேவைதான் என்று அவரிடம் ஒரே வார்த்தையில் சொன்னேன்.

மரகதம் அந்தச் சங்கோடு பல நாள் இருந்தாள். முனையில் கோடு போட்டு அழித்து, மறுபடி போட்டாள். அறுத்து முடித்துத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தபோது, "ஒங்க மூச்சுக்குத் தக்க முனையக் கொஞ்சம் அகலமா அறுத்திருக்கேன். பல்லு இல்லாத பக்கம் சரிச்சுப் பிடிங்க" என்றாள்.

மாசி மாதம் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி ஏறியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிப்ரா வீட்டு வாசல். தமிழ் வீடுகள் அத்தனையும் வந்திருந்தன. பள்ளத்திலிருந்து பனி மாதிரி அடுப்புப் புகை எழும்பி நின்றது, பாக்கு மரங்களுக்குப் பின்னால் வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. வாசற்படியில் பால் தட்டு, அதில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். பெண் அதில் பாதம் வைத்து உள்ளே நடந்து வரவேண்டும். கார்த்திகா பட்டுச் சேலையோடு தட்டுக்கு முன்னால் நின்றாள், பக்கத்தில் கோகுல். மரகதம் எல்லோருக்கும் பின்னால், வேலிப்படல் ஓரம், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். முன்னால் வா என்று ஷிப்ரா இரண்டு தடவை கூப்பிட்டாள். வரவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

ஷிப்ரா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் சங்கைச் சரித்துப் பிடித்தேன். முதல் மூச்சு வெறும் காற்றாகப் போனது. எங்கள் வரிசைப் பெண்கள் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கன்னத்தைத் தளர்த்தி மறுபடி ஊதினேன்.

வந்தது. கனமாக, நிதானமாக, என் வயிற்றிலிருந்து வருகிறதா சங்கிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் வந்தது. பாக்குத் தோப்பு தாண்டி மேட்டில் முட்டித் திரும்பியது. அந்த நேரத்துக்குப் பள்ளத்திலும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலும் வழக்கமான சாயங்காலச் சங்குகள் எழும்பின. ஒன்றோடொன்று கலந்து, எது நான் ஊதியது, எது யாருடையது என்று தெரியவில்லை. அத்தனையும் அவள் கை. மூச்சு முடிந்ததும் இரண்டாவது தடவை ஊதினேன். ஷிப்ரா குலவையிட்டாள். கார்த்திகா பால் தட்டில் வலது காலை வைத்தாள்.

மூன்றாவது தடவைக்கு நான் மூச்சை இழுக்கும்போது யாரோ என் தோளைப் பிடித்தார்கள். மரகதம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்தாள், கோகுலைப் பார்த்தாள். பிறகு என் காதோடு சொன்னாள்.

"யக்கா, இது அவருக்கு. நல்லாக் கேக்கும்படியா ஊதுங்க."

அழுதுகொண்டு சங்கு ஊத முடியாது, உதடு நிற்காது. அதனால் முதலில் ஊதினேன். என்னிடம் இருந்த மூச்சு அத்தனையும் தீர்கிற வரைக்கும், அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கிற வரைக்கும் ஊதினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.